பாதி உண்மைதான் ஆபத்து: வரி, ஓட்டு, போன் பற்றிய புரளிகளை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

"சம்பளம் ஏறினா வரி மொத்தத்தையும் முழுங்கிடும்." "கெட்ட ஓட்டு ஆளுங்கட்சிக்குத்தான் போய்ச் சேரும்." "எஸ்எஸ்எம் பதிவு இருக்கு, அப்புறம் என்ன பயம்?" (எஸ்எஸ்எம் என்பது மலேசியாவின் நிறுவனப் பதிவு ஆணையம்.) பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக் கேண்டீனிலும், லிட்டில் இந்தியா சாப்பாட்டுக் கடையிலும், சொந்தக்காரர் வாட்ஸ்அப் குழுவிலும் இவை ஓயாமல் சுற்றுகின்றன. நம்புகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு உண்மை இருக்கிறது. அதுதான் மீதிப் பொய்க்கு முட்டுக் கொடுக்கிறது.

அதனால் ஒரு செய்தி வந்ததும் "உண்மையா, பொய்யா?" என்று கேட்டுப் பயனில்லை. வரிசையாக மூன்று வேலை செய்யுங்கள்.

1. அதில் எந்தத் துண்டு உண்மை என்று முதலில் பிரித்தெடுங்கள்.

2. அந்த விஷயத்தின் பதிவேடு யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். வரி என்றால் எல்எச்டிஎன் (உள்நாட்டு வருமான வரி வாரியம்), வாக்காளர் பட்டியல் என்றால் எஸ்பிஆர் (தேர்தல் ஆணையம்), முதலீட்டு உரிமம் என்றால் பங்குப் பரிவர்த்தனை ஆணையம், வங்கி என்றால் மத்திய வங்கியான பேங்க் நெகாரா. அங்கே போய்ப் பாருங்கள். ஃபார்வர்டில் வந்த லிங்க் வழியாகப் போகாதீர்கள்.

3. எண் ஏதாவது இருந்தால் கால்குலேட்டரில் 12 மாதத்துக்கும் 5 ஆண்டுக்கும் போட்டுப் பாருங்கள்.

அதிகமாகப் பணம் போகிற இடங்களில் இந்த மூன்றும் எப்படி வேலை செய்கின்றன என்று பார்ப்போம்.

சம்பள உயர்வும் வரியும்

2023 மதிப்பீட்டு ஆண்டுக்கு வந்த அட்டவணை இது: வரிக்குரிய வருமானத்தில் முதல் 5,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வரி இல்லை; அதற்கு மேல் 20,000 வரை 1 விழுக்காடு, 35,000 வரை 3, 50,000 வரை 6, 70,000 வரை 11, 100,000 வரை 19. அதைத் தாண்டினால் 25 விழுக்காட்டில் தொடங்கி 30 வரை ஏறும்.

இங்கே இரண்டு இடத்தில் கணக்கு தவறுகிறது. ஒன்று, வரிக்குரிய வருமானத்தை முழுச் சம்பளம் என்று எண்ணிக்கொள்வது. தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சந்தாவுக்கு 4,000 வரை, இன்னும் மற்ற கழிவுகள் எல்லாம் போக மிஞ்சுவதுதான் வரிக்குரிய வருமானம். இரண்டு, 19 விழுக்காட்டுப் படியில் கால் வைத்தால் மொத்த வருமானத்துக்கும் 19 என்று பயப்படுவது. அந்த விழுக்காடு அந்தப் படிக்குள் விழும் தொகைக்கு மட்டும்தான்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். வரிக்குரிய வருமானம் 69,500 வெள்ளி என்றால், முதல் 50,000-க்கு 1,500, மீதி 19,500-க்கு 11 விழுக்காட்டில் 2,145. மொத்தம் 3,645. இப்போது வருமானம் 1,500 ஏறி 71,000 ஆகிறது. முதல் 70,000-க்கு 3,700, கடைசி 1,000-க்கு 190. மொத்தம் 3,890. கூடுதல் வருமானம் 1,500, கூடுதல் வரி 245. கையில் 1,255 வெள்ளி மிஞ்சுகிறது. "ஓவர்டைம் வேண்டாம், வரி ஏறிடும்" என்று ஒதுங்குகிறவர் அந்த 1,255-ஐ விட்டுவிட்டுப் போகிறார்.

அப்படியானால் இந்தப் புரளியின் உண்மைத் துண்டு எங்கே? போனஸ் மாதச் சம்பளச் சீட்டில். 11 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு 6,000 வெள்ளி போனஸ் வந்தால், அதற்கான முழு ஆண்டு வரி 660 வெள்ளியையும் பிசிபி, அதாவது சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை, அந்த ஒரே மாதத்தில் பிடிக்கும். போதாததற்கு இபிஎஃப் 11 விழுக்காடு என்று இன்னொரு 660. ஆறாயிரம் என்று சொன்னது 4,680 ஆகக் கைக்கு வரும்போது வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் இபிஎஃப் தொகை எங்கும் போய்விடவில்லை, உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பிசிபி முன்கூட்டிப் பிடித்த வரி. அதிகம் பிடித்திருந்தால் ஆண்டு வரிக் கணக்கான பிஇ படிவம் தாக்கல் செய்த பிறகு திரும்பி வரும். கழிவுகளை ஆண்டு நடுவிலேயே முதலாளிக்குத் தெரிவிக்க டிபி1 படிவம் இருக்கிறது, ஏனோ பலர் தொடுவதில்லை. திரும்ப வர வேண்டிய பணம் சிக்கினால் முதலில் இ-ஃபைலிங்கில் உள்ள வங்கிக் கணக்கு எண்ணைப் பாருங்கள். பழைய, மூடிய கணக்காக இருக்கலாம். ரசீதுகளை 7 ஆண்டு பத்திரப்படுத்துங்கள்.

புரளி ஓரளவு சரியாகும் இடமும் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். வரிக்குரிய வருமானம் 35,000-க்குள் இருந்தால் வரியில் 400 வெள்ளி தள்ளுபடி. 35,000-இல் வரி 600, தள்ளுபடி போகக் கட்டுவது 200. 35,100 ஆகிவிட்டால் தள்ளுபடி கிடையாது, கட்டுவது 606. நூறு வெள்ளி கூடுதல் வருமானத்துக்கு 406 வெள்ளி கூடுதல் வரி! இந்த விளிம்பில் நிற்பவர்கள் புத்தகம், இணையக் கட்டணம், கைப்பேசி போன்றவற்றுக்கான 2,500 வெள்ளி வாழ்க்கைமுறைக் கழிவை விட்டுவிடக் கூடாது. குடும்ப வருமானம் மாதம் 5,000-ஐத் தாண்டினால் அரசின் எஸ்டிஆர் ரொக்க உதவி நிற்பதும் இதே வகை. சம்பள உயர்வை மறுக்கும் முன் நீங்கள் நிற்பது விளிம்பா, நடுப்படியா என்று கணக்குப் போடுங்கள். பெரும்பாலோர் நடுப்படியில்தான் இருப்பார்கள்.

"மாசம் இத்தனை விழுக்காடு, கேரண்டி"

2017-இல் பினாங்கை மையமாகக் கொண்டு பரவிய ஜேஜேபிடிஆர் திட்டம் மாதம் 20 விழுக்காடு தருவதாகச் சொன்னது. அந்த ஆண்டு ஏப்ரலில் கணக்குகள் ஊடுருவப்பட்டுவிட்டதாக அறிவிப்பு வந்தது, பட்டுவாடா நின்றது. சேர்ந்தவர்களில் படித்தவர்கள், கடை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் இருந்தார்கள்.

உண்மைத் துண்டு: ஆரம்பத்தில் பணம் நிஜமாகவே வரும். அக்காவுக்கு வந்தது, பக்கத்து வீட்டுக்காரருக்கு வந்தது. பின்னால் சேர்ந்தவரின் பணம்தான் முன்னால் சேர்ந்தவருக்குப் போகிறது. வணிகத்தில் வந்த லாபம் என்று ஒரு சல்லிக்காசு கிடையாது. "எனக்கு வந்துச்சே" என்கிற சாட்சி அந்தத் திட்டம் இன்னும் ஓடுகிறது என்பதற்கு மட்டுமே சாட்சி.

மூன்றாவது வேலையை இங்கே முதலில் செய்யுங்கள். 10,000 வெள்ளியை மாதம் 20 விழுக்காட்டில் போட்டு எடுக்காமல் விட்டால், ஓராண்டில் சுமார் 89,000. ஐந்தாண்டில் 56 கோடி வெள்ளிக்கு மேல். இப்படி ஒரு யந்திரம் கையில் இருப்பவர் உங்கள் பத்தாயிரத்துக்காக மாமாக் கடையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசுவாரா? ஒப்பிட்டுப் பார்க்க: இபிஎஃப் 2024-க்குத் தந்த லாப ஈவு 6.30 விழுக்காடு. 72-ஐ ஆண்டு விழுக்காட்டால் வகுத்தால் பணம் இரட்டிக்கும் காலம் கிடைக்கும். 6.30 என்றால் பதினோரு ஆண்டுக்குச் சற்று மேல்.

பிறகு பதிவேட்டுக்கு வாருங்கள். எஸ்எஸ்எம் பதிவு என்பது ஒரு நிறுவனத்துக்குப் பெயர் வைத்ததற்கான சான்று. பலகாரக் கடைக்கும் அது உண்டு. மக்களிடம் வைப்புத்தொகை வாங்க பேங்க் நெகாராவின் உரிமம் வேண்டும். பங்கு, முதலீட்டு நிதி விற்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தின் உரிமம் வேண்டும். இரண்டு அமைப்புகளும் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கின்றன. தேடும்போது பலர் வழுக்குவது இங்கேதான்: பட்டியலில் பெயர் இல்லை என்றால் சுத்தம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நேற்றுத் தொடங்கிய திட்டம் பட்டியலில் எப்படி இருக்கும்? எச்சரிக்கைப் பட்டியலில் இல்லாதது போதாது, உரிமம் பெற்றோர் பட்டியலில் இருந்தாக வேண்டும். பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். உண்மையான நிறுவனத்தின் பெயரில் ஒரு சொல் கூட்டியோ குறைத்தோ போலிகள் வரும்.

பணம் போடச் சொல்லும் கணக்கு தனியாள் பெயரில் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். டூயிட்நவ் பணப் பரிமாற்றச் சேவையில் அனுப்பும் முன் பெறுபவர் பெயர் திரையில் வரும், அதைப் படிக்காமல் தாண்டாதீர்கள். காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் போன் எண்ணையும் சோதிக்கலாம். ஆனால் புகார் பதிவான எண்கள்தான் அதில் வரும். "புகார் இல்லை" என்று காட்டினால் இன்னும் யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே பொருள்.

அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்பட்டு உட்கார்ந்தால் பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவிக்கொண்டே இருக்கும். உடனே வங்கியின் 24 மணி நேர எண்ணுக்கும், தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் 997-க்கும் அழையுங்கள். பிறகு காவல்நிலையத்தில் புகார். உரையாடலை அழிக்காதீர்கள், ரசீதைப் படம் எடுத்து வையுங்கள். சில வாரம் கழித்து "உங்க பணத்தை மீட்டுத் தர்றோம், முன்பணம் கட்டுங்க" என்று ஒருவர் வருவார். அது இரண்டாம் ஆட்டம்.

கடன் கொடுப்பதாகச் சொல்பவர்களுக்கும் இதே அளவுகோல்தான். உரிமம் உள்ள வட்டிக்கடைக்காரர் அடமானம் இல்லாத கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்க முடியாது, அடமானம் உண்டென்றால் 12. கடன் தரும் முன் "செயலாக்கக் கட்டணம்" கேட்டாலோ, ஏடிஎம் அட்டையைக் கொடுக்கச் சொன்னாலோ எழுந்து வந்துவிடுங்கள்.

பத்திரம் என்று நினைக்கும் பணம்

"பேங்க்ல இருந்தா அரசாங்கம் பார்த்துக்கும்." உண்மைத் துண்டு: பிடிஐஎம் (வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம்) தரும் பாதுகாப்பு. ஒரு வங்கியில் ஒருவருக்கு 250,000 வெள்ளி வரை, முதலும் வட்டியும் சேர்த்து. ஒரே வங்கியின் இரண்டு கிளையில் போட்டால் இரண்டு மடங்கு ஆகாது, கூட்டியே பார்ப்பார்கள். வழக்கமான கணக்கும் இஸ்லாமிய முறைக் கணக்கும் தனித்தனி வரம்பு. வங்கிக் கவுண்டரில் வாங்கியதாலேயே யூனிட் டிரஸ்டுக்கு இந்தப் பாதுகாப்பு வந்துவிடாது. தங்க முதலீட்டுக் கணக்குக்கும் வராது. கையெழுத்துப் போடும் முன் "இது பிடிஐஎம் பாதுகாப்பில் வருமா?" என்று அந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிடுங்கள்.

நகையும் சேமிப்புதான் என்பது வீட்டுக்கு வீடு உள்ள நம்பிக்கை. தங்கத்துக்கு மதிப்பு உண்டு, கூலிக்கு இல்லை. 916 என்றால் 91.6 விழுக்காடு தங்கம். விற்கப் போகும்போது எடைக்கும் தரத்துக்கும்தான் விலை. வாங்கியபோது கொடுத்த செய்கூலி திரும்பாது. போட்டு அழகு பார்க்க வாங்கினால் சரி. சேமிக்கத்தான் என்றால் கூலி குறைந்த காசோ கட்டியோ வாங்குவது கணக்குக்கு ஒத்துவரும்.

கார் கடனில் "3 விழுக்காடு தானே" என்பது இன்னொரு பாதி உண்மை. நிலை வட்டி முறையில் 50,000 வெள்ளிக்கு 3 விழுக்காடு, 9 ஆண்டு என்றால், வட்டி 50,000 × 3% × 9 = 13,500. மாதத் தவணை சுமார் 588. நீங்கள் அசலை மாதா மாதம் அடைத்துக்கொண்டே வருகிறீர்கள், வட்டியோ கடைசி மாதம் வரை முழு ஐம்பதாயிரத்துக்கும் ஓடுகிறது. குறைந்துவரும் அசலின் மேல் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஏறக்குறைய 5.5 விழுக்காடு. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது விழுக்காட்டை விட்டுவிட்டு, தவணை × மாதம் எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்.

"பேங்க் நெகாரா பிளாக்லிஸ்ட் பண்ணிடுச்சு" என்பதும் பிழை. பேங்க் நெகாராவின் கடன் தகவல் பதிவேடான சிசிஆர்ஐஎஸ் கடந்த 12 மாதத் தவணை வரலாற்றைக் காட்டும், அவ்வளவுதான். கடன் தருவதா வேண்டாமா என்பது அந்தந்த வங்கியின் முடிவு. உங்கள் அறிக்கையை இ-சிசிஆர்ஐஎஸ்ஸில் நீங்களே இலவசமாகப் பார்க்கலாம். "பேரை அழிச்சுத் தர்றேன்" என்று காசு கேட்பவரிடம் அழிக்க ஒன்றும் இல்லை. தவணை கட்ட முடியாமல் திணறுகிறீர்கள் என்றால் கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகே இருக்கிறது, அங்கே ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது.

ஓட்டும் ஒய்பியும் (மக்கள் பிரதிநிதியும்)

கெட்ட ஓட்டு, அதாவது செல்லாத ஓட்டு, யாருக்கும் சேராது. செல்லும் ஓட்டுகளில் அதிகம் பெற்றவர் வெல்கிறார். இழுபறித் தொகுதியில் கெட்ட ஓட்டுகளின் எண்ணிக்கை வெற்றி வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருக்க முடியும். "அதனாலதான் அவன் ஜெயிச்சான்" என்கிற பேச்சு அங்கிருந்துதான் புறப்படுகிறது.

"அதிக இடம் ஜெயிச்ச கட்சிக்குத்தான் பிரதமர் பதவி" என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. மக்களவையில் 222 இடம், பெரும்பான்மைக்கு 112. 2022 நவம்பர் 19 தேர்தலில் பக்காத்தான் ஹராப்பான் 82 இடத்தோடு முதலில் வந்தது, ஆனாலும் 112 இல்லை. பெரும்பான்மை உறுப்பினர்களின் நம்பிக்கை யாருக்கு இருக்கக்கூடும் என்று மாமன்னர் கருதுகிறாரோ அவரை நியமிப்பது அரசமைப்பின் 43-ஆம் பிரிவு. நவம்பர் 24-இல் அன்வார் இப்ராஹிம் பதவியேற்றார். இடையில் கழிந்த அந்த ஐந்து நாளில் வாட்ஸ்அப்பில் எத்தனை பிரதமர்கள் வந்து போனார்கள் என்று ஞாபகம் இருக்கும்.

"18 வயசாச்சு, போய்ப் பதியணும்" என்பது பழைய கதை. 2021 டிசம்பர் 15 முதல் பதிவு தானாக நடக்கிறது. இதிலும் ஒரு பள்ளம்: புதிய வாக்காளரின் தொகுதி மைகாட் (அடையாள அட்டை) முகவரிப்படி அமையும். பட்டர்வொர்த்தில் பிறந்து கோலாலம்பூரில் பத்தாண்டாக இருப்பவர், முகவரியை மாற்றாவிட்டால் ஓட்டுப் போட பட்டர்வொர்த் வர வேண்டும். முதலில் ஜேபிஎன்னில் (தேசியப் பதிவு இலாகா) மைகாட் முகவரியை மாற்றுங்கள். அது மட்டும் போதாது. ஏற்கெனவே பட்டியலில் இருப்பவர் தொகுதி மாற்றத்துக்கு எஸ்பிஆரில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை மறப்பவர்களே அதிகம். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பலன் இல்லை, சும்மா இருக்கும் காலத்தில் செய்யுங்கள். கோலாலம்பூருக்கு மாறிய பிறகு பொதுத்தேர்தலில் ஒரே வாக்குச்சீட்டு தந்தால் பதறாதீர்கள், கூட்டரசுப் பிரதேசத்தில் சட்டமன்றம் கிடையாது.

யாரிடம் எதைக் கேட்பது என்பதில்தான் நாள்தோறும் குழப்பம். பினாங்கில் சாக்கடை அடைப்பு, தெருக்குப்பை, கடை உரிமம் ஆகியவை மாநகர் மன்றங்களின் வேலை: தீவில் எம்பிபிபி, பெருநிலத்தில் எம்பிஎஸ்பி. குழாய்த் தண்ணீர் என்றால் தண்ணீர் விநியோக நிறுவனமான பிபிஏ. காவல், அரசு மருத்துவமனை, பள்ளி எல்லாம் மத்திய அரசு. நில விவகாரம் மாநில அரசு. மாநகர் மன்றக் கவுன்சிலரை நீங்கள் தேர்ந்தெடுக்கவில்லை; ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டது, இப்போது மாநில அரசு நியமிக்கிறது. ஆகவே சாக்கடைக்கு எம்பியைத் திட்டி ஃபேஸ்புக்கில் எழுதுவதற்கு முன், மன்றத்தில் புகார் செய்து எண் வாங்குங்கள். இடத்தின் படம், தெருப் பெயர், விளக்குக் கம்பம் என்றால் கம்பத்தில் உள்ள எண் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். இரண்டு வாரத்தில் அசைவில்லை என்றால் அந்தப் புகார் எண்ணோடு சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்குப் போங்கள். எண் இல்லாமல் போனால் அங்கேயும் முதலிலிருந்துதான் தொடங்குவார்கள்.

போனுக்குள் நடப்பது

5ஜி கோபுரம் நோய் பரப்பும் என்பதை விரைவாக முடித்துவிடலாம். இங்கே பயன்படும் 700 மெகாஹெர்ட்ஸ், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலைகளின் அதிர்வெண், வீட்டு விளக்கு வெளிச்சத்தின் அதிர்வெண்ணில் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உயிரணுவைச் சிதைக்கும் கதிர்வீச்சு புறஊதாவில்தான் தொடங்குகிறது. கிருமியை எந்த அலையும் சுமந்து வராது.

பிட்காயின் அநாமதேயம் என்பதும் தவறு. ஒவ்வொரு பரிமாற்றமும் எல்லாரும் பார்க்கும் பேரேட்டில் அழியாமல் இருக்கிறது. மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் வராது என்பது உண்மை, ஆனால் எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பது விலைக்கு உத்தரவாதம் ஆகாது. மலேசியாவில் அது சட்டப்படியான நாணயம் இல்லை. வாங்குவதென்றால் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் பதிந்த தளத்தில் மட்டும் வாங்குங்கள்.

தலைவர் ஒருவர் முதலீட்டுத் திட்டத்தைப் பரிந்துரைக்கும் வீடியோ வந்தால் உதட்டசைவை உற்றுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்பாதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. முகத்தை விடுங்கள், சொல்லும் பேரத்தைச் சோதியுங்கள். மகன் குரலிலேயே "அம்மா, அவசரமா பணம் அனுப்புங்க" என்று அழைப்பு வந்தாலும் துண்டித்துவிட்டு, போனில் ஏற்கெனவே உள்ள அவன் எண்ணுக்கு நீங்களே கூப்பிடுங்கள்.

இருப்பதிலேயே விலை உயர்ந்த நம்பிக்கை இதுதான்: "ஓடிபி கொடுக்காத வரைக்கும் ஒண்ணும் ஆகாது." அறிவுரை சரிதான், ஆனால் பழையது. வங்கிகள் குறுஞ்செய்தி ஓடிபியிலிருந்து செயலி வழி ஒப்புதலுக்கு மாறிவிட்டன. திரையில் வரும் "ஒப்புதல்" பொத்தானைத் தட்டுவது ஓடிபியைச் சொல்வதற்குச் சமம். கல்யாணப் பத்திரிகை, கூரியர் சீட்டு, தள்ளுபடி விலையில் வீட்டு வேலைக்காரர் சேவை என்று ஏபிகே கோப்பாக (செயலியை நிறுவும் கோப்பு) வருவதை நிறுவினால், அது உங்கள் குறுஞ்செய்தியைப் படிக்கும், சில திரையையே இயக்கும். நீங்கள் யாரிடமும் ஒரு எண்ணும் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

நிறுவிவிட்டால் முதல் வேலை விமானப் பயன்முறையைப் போட்டு வைஃபையையும் அணைப்பது. செயலியை அழிப்பதில் நேரம் போக்காதீர்கள். வேறொரு போனிலிருந்து வங்கிக்கு அழைத்துக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். இணைய வங்கிச் சேவையை உடனே நிறுத்தும் வசதி வங்கிகளிடம் இருக்கிறது. பணம் போயிருந்தால் 997. கடவுச்சொல்லை மாற்றுவதையும் வேறு கருவியிலிருந்து செய்யுங்கள். திரையைப் படம் எடுத்துச் சான்றை வைத்துக்கொண்ட பிறகு போனை ஃபேக்டரி ரீசெட் செய்யலாம்.

குழுவில் பதில் போடும்போது

பெரியப்பா போட்ட செய்திக்குக் கீழே "பொய்" என்று ஒற்றைச் சொல்லை எழுதினால் அவர் அடுத்த குழுவுக்கும் அதை அனுப்புவார். உண்மைத் துண்டை ஒப்புக்கொண்டு, கணக்கைக் காட்டி, பதிவேட்டின் பெயரைச் சொல்லி நிறுத்துங்கள். இப்படி எழுதலாம்:

"பெரியப்பா, போனஸ் மாசத்துல நிறைய பிடிக்கிறாங்கங்கறது நிஜந்தான். ஆனா 6,000-ல 660 இபிஎஃப், அது உங்க பேர்லயே இருக்கு. இன்னொரு 660 வரி, அதிகமா பிடிச்சிருந்தா இ-ஃபைலிங் பண்ணினதும் திரும்பிடும். ஞாயிறு வீட்டுக்கு வரேன், பேங்க் அக்கவுண்ட் நம்பர் சரியா போட்டிருக்காங்களான்னு சேர்ந்து பார்ப்போம்."